கோடிகளுக்குக் கையொப்பமிடும் கைக்கு எஞ்சுவது என்ன?

ஆணி முதல் இயந்திரம் வரை, கடதாசி முதல் மருந்து வரை ஒரு நிறுவனத்துக்குத் தேவையான அனைத்தையும் விலை பேசி வாங்கிக் கொடுப்பவர் கொள்வனவு உத்தியோகத்தர் ஆவார். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளிலும் மூன்று விலைமனுக்களைப் பெற்று, அவற்றுள் எது மலிவானது, எது தரமானது, எது உரிய நாளில் வந்து சேரக்கூடியது என்பதை நிதானித்து முடிவெடுப்பது அவரது அன்றாடக் கடமையாகும். சந்தையில் ஒரு பொருளின் விலை ஒரு ரூபா ஏறினாலும் அதனை முதலில் அறிபவர் அவரே. ஆயினும் மாத இறுதியில் தமது சொந்தச் சம்பளம் அதே சந்தையில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கும்போது, பேரம் பேச வழியற்றவராக அவர் நிற்கின்றார்.

இந்நாட்டில் ஆசிரியர், வைத்தியர், தாதியர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் சம்பளம் பற்றிப் பெரிதும் பேசப்படுகின்றது. அது நியாயமானதே. ஆனால் பொது மக்களின் வரிப் பணத்தையும் நிறுவனங்களின் மூலதனத்தையும் நாள்தோறும் செலவிடும் பொறுப்பில் உள்ளவர்களின் ஊதியம் பற்றி எவரும் பேசுவதில்லை. அவர்கள் தெருவில் இறங்குவதில்லை. அவர்களுக்கெனப் பலமான தொழிற்சங்கமும் இல்லை. அவர்கள் எவ்வளவு பெறுகின்றனர், அது எதுவரை போகின்றது என்பது அவர்களது குடும்பங்களை மாத்திரம் சார்ந்த விடயமல்ல. நாம் அனைவரும் வாங்கும் பொருளின் விலையையும் தரத்தையும் சார்ந்த விடயமாகும் என்பதையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் இத்தொழில் பற்றிச் சிறிது கூறவேண்டும். தனியார் துறையில் இதனைக் கொள்வனவு என்றும் அரச துறையில் பெறுகை என்றும் அழைக்கின்றோம். களஞ்சியப் பொறுப்பாளராக அல்லது கொள்வனவு எழுதுவினைஞராகச் சேர்பவர் கொள்வனவு உத்தியோகத்தராகவும், பின்னர் முகாமையாளராகவும் உயர்கின்றார். பெரிய நிறுவனங்களில் வழங்கல் பணிப்பாளர் என்ற பதவியும் உண்டு. மேலை நாடுகளில் இது ஒரு தனித் தொழிலாக அங்கீகாரம் பெற்று ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டிலேயே கொள்வனவாளர் சங்கம் அமைக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1932இல் தோன்றிய சங்கம் வளர்ந்து 1992இல் அரச பட்டயம் பெற்றது. அப்பட்டய நிறுவகத்தின் பரீட்சைகளுக்கு எமது இளைஞர், யுவதியர் பலரும் தோற்றி வருகின்றனர். அந்நிறுவகம் கொள்வனவாளரின் சம்பளம் பற்றிய வழிகாட்டியொன்றையும் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகின்றது. ஒரு தொழிலில் எவர் எவ்வளவு பெறுகின்றார் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால்தான், தமக்கு வழங்கப்படுவது நியாயமா என்பதை ஊழியர் அறிந்துகொள்ள முடியும்.

இலங்கையின் அரச துறையிலோ நிலைமை வேறானது. ஒரு திணைக்களத்திலோ பிரதேச செயலகத்திலோ கேள்விப்பத்திரக் கோப்புகளை நாள்தோறும் கையாள்பவர் பெரும்பாலும் முகாமைத்துவ உதவியாளர் சேவையைச் சேர்ந்த விடய உத்தியோகத்தரே ஆவார். பெறுகைக் குழுவிலும் தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவிலும் அமர்பவர்கள் தமது வழமையான கடமைகளுக்கு மேலதிகமாகவே அப்பணியையும் செய்கின்றனர். இன்று விடுமுறைப் பதிவேட்டைப் பார்த்தவர் நாளை கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான ஒப்பந்தத்தின் கோப்பைத் திறக்கின்றார். அவரது சம்பளமோ விடுமுறைப் பதிவேட்டைப் பார்த்தபோது பெற்ற அதே சம்பளந்தான்.

அச்சம்பளத்தை இப்போது நோக்குவோம். 2016ஆம் ஆண்டின் சம்பளத் திருத்தத்தின்படி முகாமைத்துவ உதவியாளர் சேவையின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 28,940 ரூபாவாகும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதனுடன் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாவும் இடைக்காலப் படி 2,500 ரூபாவும் சேர்ந்து 39,240 ரூபா கிடைத்தது. 2022 ஜனவரியில் 5,000 ரூபா விசேட படி வழங்கப்பட்டதால் அத்தொகை 44,240 ரூபாவாயிற்று. 2024ஆம் ஆண்டில் வாழ்க்கைச் செலவுப் படி மேலும் 10,000 ரூபாவால் உயர்த்தப்பட்டபோது அது 54,240 ரூபாவை எட்டியது. மூன்று ஆண்டுகளில் 15,000 ரூபா அதிகரித்துள்ளது. எண்ணைப் பார்த்தால் இது 38 வீத உயர்வாகும். தாளில் பார்ப்பவர் இதனைக் கணிசமான உயர்வு என்றே கொள்வார்.

ஆனால் சம்பளத்தை ரூபாவினால் அளப்பது, துணியை இறப்பர் நாடாவினால் அளப்பதற்கு ஒப்பானது. அளவுகோலே நீண்டும் சுருங்கியும் போகும்போது அளவு எப்படிச் சரியாகும்? எனவேதான் விலைச் சுட்டெண்ணின் துணையை நாட வேண்டியுள்ளது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 டிசெம்பரில் ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 57.2 வீதமாகவும், 2023 டிசெம்பரில் 4.0 வீதமாகவும் இருந்தது. 2024 டிசெம்பரில் அது 1.7 வீதத்தால் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. இந்த மூன்று எண்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 2021 டிசெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடைக்கு 2022 டிசெம்பரில் 157 ரூபாவும், 2023 டிசெம்பரில் ஏறத்தாழ 163 ரூபாவும், 2024 டிசெம்பரில் ஏறத்தாழ 161 ரூபாவும் கொடுக்க வேண்டியிருந்தது.

இங்குதான் பலரும் தவறிப்போகின்றனர். பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம் என்ற உச்சத்தைத் தொட்டு, உணவுப் பொருட்களில் மாத்திரம் 94.9 வீதமாக இருந்து, பின்னர் வேகமாக வீழ்ச்சியடைந்தது. இதனைக் கேட்டவர்கள் விலைகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன என்று எண்ணினர். பணவீக்கம் வீழ்வது என்பது விலைகள் ஏறும் வேகம் குறைவதே அன்றி, ஏறிய விலைகள் இறங்குவதல்ல. மாடிப்படியில் ஓடி ஏறியவர் மெதுவாக ஏறத் தொடங்கினால் அவர் கீழே வந்துவிட்டார் என்று கூறமுடியுமா? 2024இன் இறுதியில் ஓரிரு படிகள் இறங்கிய போதிலும், அவர் இன்னமும் மேல்மாடியிலேயே நின்றார்.

இக்கணக்கை மேற்படி உத்தியோகத்தரின் சம்பளத்துக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். 2023 டிசெம்பரில் அவர் பெற்ற 44,240 ரூபா, 2021 டிசெம்பர் விலைகளில் ஏறத்தாழ 27,000 ரூபாவுக்கே சமமாயிற்று. அதாவது 39,240 ரூபாவில் வாழ்ந்த குடும்பம் 27,000 ரூபாவில் வாழவேண்டியதாயிற்று. கொள்வனவுச் சக்தியில் 31 வீதம் கரைந்துவிட்டது. 2024இன் படி உயர்வின் பின்னர் கிடைத்த 54,240 ரூபா, அதே 2021 விலைகளில் ஏறத்தாழ 33,750 ரூபாவுக்குச் சமமானது. இழந்ததில் ஒரு பகுதி மீண்டதாயினும், 14 வீதம் இன்னமும் குறைவாகவே இருந்தது. பழைய நிலையை அடைய அவருக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 63,000 ரூபாவாகும்.

2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அரச துறையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தும் தீர்மானம் அறிவிக்கப்பட்டது. இடைக்காலப் படியும் விசேட படியும் அடிப்படைச் சம்பளத்துடன் இணைக்கப்படுவதால், 15,750 ரூபா என்ற உயர்வின் தேறிய பெறுமதி குறைந்தபட்சம் 8,250 ரூபாவாகும். இதன் ஒரு பகுதி 2025 ஏப்ரலிலிருந்து வழங்கப்பட, எஞ்சியது 2026 ஜனவரி, 2027 ஜனவரி ஆகிய இரு கட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது. படிகள் அடிப்படைச் சம்பளமாக மாறுவது ஓய்வூதியத்தைக் கணிக்கையில் நன்மை பயக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இழந்ததை மீளப் பெறுவதற்கான ஏணியாகவே இதனைக் கொள்ளலாமேயன்றி, புதிய செல்வமாகக் கொள்ள முடியாது.

தனியார் துறையின் கணக்கு வேறு வகையானது. அங்கு சம்பளத் திட்டம் என்ற பொதுவான ஒழுங்கு கிடையாது. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஒருவர் பெறுவதும் சிறிய கட்டட ஒப்பந்தக் கொம்பனியொன்றில் அதே பணியைச் செய்பவர் பெறுவதும் ஒன்றல்ல. ஆகவே ஓர் எடுகோள் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2021 டிசெம்பரில் 120,000 ரூபா சம்பளம் பெற்ற கொள்வனவு நிறைவேற்று உத்தியோகத்தர் ஒருவரின் சம்பளம் முழுவதற்கும் ஊழியர் சேமலாப நிதி கணிக்கப்பட்டதாகக் கொண்டால், 8 வீதமாகிய 9,600 ரூபா கழிந்து 110,400 ரூபா அவர் கைக்கு வந்திருக்கும். அக்காலத்தில் மாதம் 250,000 ரூபா வரை வருமான வரி இல்லாதிருந்தது.

அவரது நிறுவனம் தாராள மனதுடன் 2024இல் சம்பளத்தை 170,000 ரூபாவாக உயர்த்தியது என வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு 13,600 ரூபா செல்கின்றது. 2023 ஜனவரி முதல் வரி விலக்கு எல்லை மாதம் 100,000 ரூபாவாகக் குறைக்கப்பட்டு, அதற்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை படிப்படியாக வரி விதிக்கப்பட்டதால், இவருக்கு மாதம் 5,900 ரூபா வரி விழுகின்றது. கைக்கு வருவது 150,500 ரூபா. 2021 டிசெம்பர் விலைகளில் இதன் பெறுமதி ஏறத்தாழ 93,600 ரூபா மாத்திரமே. 50,000 ரூபா சம்பள உயர்வு பெற்றவர் உண்மையில் 15 வீதம் வறியவராகியுள்ளார். 2025 ஏப்ரலில் வரி விலக்கு எல்லை 150,000 ரூபாவாக உயர்த்தப்பட்டதன் பின்னர் அவரது வரி 1,200 ரூபாவாகக் குறைந்தது. அது நல்லதொரு நிவாரணமே. ஆயினும் அந்தப் பள்ளத்தை அது முழுமையாக நிரப்பவில்லை.

முகாமையாளர் தரத்தில் உள்ளோர் மீது வரியின் தாக்கம் இன்னும் கூடுதலாகும். மாதம் 250,000 ரூபா பெற்ற ஒருவர் 2021இல் வரி எதுவும் செலுத்தவில்லை. 2023இன் விதிகளின்படி அவர் மாதம் 21,000 ரூபா செலுத்த வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அது 8,000 ரூபாவாயிற்று. பெறுமதி சேர் வரியும் 2019 இறுதியில் இருந்த 8 வீதத்திலிருந்து 2022 ஜூனில் 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. இவ்வரி பொருட்களின் விலைக்குள் அடங்கியிருப்பதால் விலைச் சுட்டெண்ணிலும் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதனை இரு தடவைகள் கணக்கிடலாகாது. ஆனால் வருமான வரி அச்சுட்டெண்ணில் இல்லை. எனவேதான் சம்பள உயர்வைப் பணவீக்கத்துடன் மாத்திரம் ஒப்பிடுவது போதாது. கைக்கு வரும் தொகையையே ஒப்பிட வேண்டும்.

கொள்வனவு வேலைக்குச் சேரும் இளைஞர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. சம்பளக் கடிதத்தில் மொத்தத் தொகையை மாத்திரம் பார்த்து மகிழ்பவர் பலர். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று கேட்பவர் சிலரே. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். 170,000 ரூபா முழுவதற்கும் இவை கணிக்கப்பட்டால் மாதம் 25,500 ரூபா ஊழியரின் பெயரில் சேரும். அதே தொகையில் 80,000 ரூபாவை மாத்திரம் அடிப்படைச் சம்பளமாகக் காட்டி, எஞ்சியதைப் பயணப் படி போன்ற பெயர்களில் வழங்கினால் சேர்வது 12,000 ரூபாவே. மாதந்தோறும் 13,500 ரூபா ஓசையின்றி மறைந்துவிடுகின்றது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சேவையாற்றியவருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற அளவில் கிடைக்கும் பணிக்கொடையும் அவ்வாறே சுருங்கும்.

சேமிப்பின் நிலையும் மகிழ்ச்சி தருவதாக இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டுக்கு ஊழியர் சேமலாப நிதி அறிவித்த வட்டி 9 வீதமாகும். அதே ஆண்டின் இறுதியில் விலைகள் 57 வீதம் ஏறியிருந்தன. பல்லாண்டு உழைப்பின் சேமிப்பு ஒரே ஆண்டில் எவ்வளவு தேய்ந்தது என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

எமக்குத் தெரிந்த கொள்வனவு உத்தியோகத்தர் ஒருவர் அந்த 2022ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து கூறியதை இங்கு குறிப்பிடுவது பொருத்தமானது. "காலையில் தந்த விலை மாலை வரை நிற்காது. டொலர் இல்லாததால் நாணயக் கடிதம் திறக்க முடியாது. பொருள் வரவில்லை என்றால் தொழிற்சாலை நிற்கும். தொழிற்சாலை நின்றால் பழி என் தலையில். நிறுவனத்துக்காக ஒரு போத்தல் இரசாயனத்துக்கு இருபது இடங்களில் விலை கேட்டேன். இரவில் வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் பால்மாவுக்கு விலை கேட்கவும் பயமாக இருந்தது" என்றார் அவர். 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவாயிற்று. விலை கேட்டுத் திரிவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதன் பாரம் எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்நிலையில் கற்றவர்கள் கடல் கடந்து செல்ல முற்பட்டதில் வியப்பில்லை. 2022ஆம் ஆண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்து சென்றனர். வளைகுடா நாடுகளின் கட்டடக் கொம்பனிகளிலும் வைத்தியசாலைகளிலும் ஹோட்டல்களிலும் களஞ்சியப் பொறுப்பாளராகவும் கொள்வனவாளராகவும் எமது தமிழ், முஸ்லிம் இளைஞர் பலர் பணியாற்றுகின்றனர். ஐக்கிய அரபு இராச்சியத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. திர்ஹம் நாணயம் அமெரிக்க டொலருடன் நிலையான விகிதத்தில் பிணைக்கப்பட்டுள்ளது. 2022இன் தொடக்கத்தில் ஒரு திர்ஹம் ஏறத்தாழ 55 ரூபாவாக இருந்தது; அதே ஆண்டு மே மாதத்தில் அது 100 ரூபாவை நெருங்கியது. 4,000 திர்ஹம் பெற்ற ஒருவரின் சம்பளம் சில மாதங்களுக்குள் 220,000 ரூபாவிலிருந்து 390,000 ரூபாவாக உயர்ந்தது போலத் தோன்றியது.

இக்கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. அங்கு வாழ்பவர் வீட்டு வாடகையையும் உணவையும் திர்ஹத்திலேயே செலுத்துகின்றார். வீட்டுக்கு அனுப்பும் மிச்சத் தொகை மாத்திரமே ரூபா வீழ்ச்சியினால் பெருகியது. அந்த மிச்சமும் இங்கு வந்து சேர்ந்தபோது 1.6 மடங்கு விலை உயர்ந்த சந்தையில்தான் செலவாயிற்று. அங்கு ஓய்வூதியம் கிடையாது. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளம், அதன் பின்னர் 30 நாட் சம்பளம் என்ற சேவை முடிவுக் கொடுப்பனவே உண்டு. அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்படுகின்றது. ஆகவே அங்கு செல்பவரும் மொத்தச் சம்பளத்தை அன்றி, மிச்சமாகக்கூடியதையும் அடிப்படைச் சம்பளத்தையும் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இனி, இவ்விடயம் பொதுமக்களை எவ்வாறு தொடுகின்றது என்பதைப் பார்ப்போம். திறமையான கொள்வனவு ஒரு நாட்டுக்கு எத்தகைய நன்மையைத் தரும் என்பதற்கு இலங்கையே உலகுக்கு உதாரணமாக விளங்கிய காலம் ஒன்றிருந்தது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதலாவது தலைவராகப் பேராசிரியர் சேனக பிபிலே பொறுப்பேற்றார். வர்த்தகப் பெயர்களின் பின்னால் அலையாமல், மருந்தின் பொதுப் பெயரைக் குறிப்பிட்டு, முழு நாட்டின் தேவையையும் ஒன்று திரட்டி, உலகளாவிய கேள்விப்பத்திரங்களைக் கோரி வாங்குவது என்ற கொள்கை பின்பற்றப்பட்டது. அதன் பயனாக ஏழை நோயாளிக்கும் மருந்து எட்டியது. அறிவும் நேர்மையும் உள்ளவர் கையில் கொள்வனவு இருந்தால் அது ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கையாகவே மாறிவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

இதன் மறுபக்கத்தையும் நாம் கண்டோம். அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் மருந்தின் தரம் பற்றி 2023இல் எழுந்த சர்ச்சையும், அதன் கொள்வனவு தொடர்பான விசாரணைகளில் சுகாதார அமைச்சின் அதிகாரிகளும் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரும் கைதானமையும் வாசகர்கள் அறிந்ததே. குற்றம் எவருடையது என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணியாகும். எனினும் ஒன்றை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும். கொள்வனவு பிழைத்தால் நோயாளியின் உயிரே பணயமாகின்றது.

குறைந்த சம்பளமே ஊழலுக்குக் காரணம் என்று கூறுவோர் உளர். இக்கூற்றை நாம் முழுமையாக ஏற்கவில்லை. குறைந்த சம்பளத்தில் ஆயுள் முழுவதும் நேர்மையாகப் பணியாற்றி, சைக்கிளிலேயே ஓய்வு பெற்றுச் சென்ற எழுதுவினைஞர்களை எமது ஊர்கள் அறியும். அவர்களை அவமதிக்க எவருக்கும் உரிமையில்லை. பெரும் மோசடிகளில் உயர் பதவி வகித்தோரின் பெயர்கள் அடிபடுவதையும் நாடு கண்டுள்ளது. அவர்களுக்குச் சம்பளம் போதாமல் இருந்தது என்று கூற முடியாது. எனவே சம்பளத்தை உயர்த்தினால் மாத்திரம் நேர்மை வந்துவிடும் என்பது பேதமை.

ஆனால் மறுபுறத்தையும் சிந்திக்க வேண்டும். மின்சாரப் பட்டியலையும் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தையும் செலுத்த வழியின்றித் தவிக்கும் ஒருவரின் மேசையில் கோடி ரூபா கேள்விப்பத்திரம் வைக்கப்படுகின்றது. பண்டிகை நாளில் வழங்குநர் ஒருவர் பரிசுப் பொதியுடன் வருகின்றார். அடுத்த முறை சிறு தரகுத் தொகையொன்றைப் பற்றிப் பேசுகின்றார். அதனை மறுத்தால் அவருக்குக் கிடைப்பது மறுநாளும் அதே கடன். மேலும் வழங்குநருக்கு மேலிடத்துச் செல்வாக்கு இருப்பின் இடமாற்றக் கடிதம். ஒருவரது நேர்மையை இவ்வாறு நாள்தோறும் சோதனைக்கு உள்ளாக்கிவிட்டு, அவர் தவறும்போது மாத்திரம் தண்டிப்பது நீதியான நிர்வாகமாகாது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் இலஞ்சம் பெறுவதையும் குற்றமாக்கியுள்ளது. நிறுவனத்தின் சார்பில் பொருள் வாங்குபவர் வழங்குநரிடம் பெறும் தரகு, இது காலவரை பலரும் கருதியதுபோல் 'உள்வீட்டு விடயம்' அல்ல. கொள்வனவுத் துறையில் உள்ள எமது இளைஞர்கள் இதனை நன்கு உணர்ந்துகொள்வது அவசியம். சட்டத்தின் கை நீண்டுள்ளது. அதற்கேற்பச் சம்பளத்தின் கை நீளவில்லை என்பதே எமது ஆதங்கம்.

அரச பெறுகையில் நிறுவன ரீதியான உறுதிப்பாடும் போதாது. 19ஆவது திருத்தத்தின் மூலம் 2015இல் உருவான தேசிய பெறுகை ஆணைக்குழு 2020இல் 20ஆவது திருத்தத்தினால் நீக்கப்பட்டு, 2022இல் 21ஆவது திருத்தத்தினால் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வழிகாட்டிகளுக்குப் பதிலாகப் புதிய பெறுகை வழிகாட்டிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆளுகை பற்றிய மதிப்பீட்டிலும் பெறுகைக்கெனத் தனிச் சட்டமொன்றின் அவசியம் வலியுறுத்தப்பட்டது. விதிகள் மாறலாம், ஆணைக்குழுக்கள் வரலாம். அவ்விதிகளை நள்ளிரவு வரை அமர்ந்து அமுல்படுத்தும் உத்தியோகத்தரைப் பற்றியும் எவரேனும் சிந்திக்க வேண்டாமா?

இது தொடர்பில் நாம் முன்வைக்க விரும்பும் கருத்துக்கள் சிலவுண்டு. முதலாவதாக, அரச துறையில் பெறுகையைத் தனியான சேவையாக அங்கீகரித்து, அதற்கெனத் தரங்களும் பயிற்சியும் பொறுப்புக்கேற்ற ஊதியமும் வகுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, நினைத்தபோது ஒரு படியை வழங்கும் வழக்கத்தை விடுத்து, விலைச் சுட்டெண்ணுக்கு ஏற்ப ஆண்டுதோறும் சம்பளம் மீளாய்வு செய்யப்பட வேண்டும். 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் 31 வீதம் வரை கரைந்த பின்னரே படி உயர்ந்தது என்பது மறக்கக்கூடியதல்ல.

மூன்றாவதாக, தனியார் நிறுவனங்கள் தமது கொள்வனவாளரின் தொழிற் பரீட்சைக் கட்டணங்களைப் பொறுப்பேற்க வேண்டும். ஸ்ரேர்லிங் பவுணில் செலுத்தவேண்டிய இக்கட்டணங்கள் 2022இன் தொடக்கத்தில் பவுணுக்கு ஏறத்தாழ 270 ரூபாவாகக் கணிக்கப்பட்டு, சில மாதங்களில் 450 ரூபாவை எட்டியபோது கற்கையை இடைநடுவில் கைவிடும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். நான்காவதாக, தரகை மறுத்ததற்காக இடமாற்றப்படும் உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். ஐந்தாவதாக, பெறுகை வழிகாட்டிகளும் பயிற்சி நெறிகளும் தெளிவான தமிழில் கிடைப்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். விளங்காத மொழியில் எழுதப்பட்ட விதிக்குக் கையொப்பமிட்டு, பின்னர் கணக்காய்வு விசாரணையில் தலைகுனிந்து நிற்கும் நிலை எமது உத்தியோகத்தர்களுக்கு வரலாகாது.

இவற்றுக்கு நிதி எங்கே என்ற வினா எழலாம். அதற்கான விடை கொள்வனவுக் கோப்புகளுக்குள்ளேயே உள்ளது. ஒரு கோடி ரூபா கொள்வனவில் 1 வீதத்தை மிச்சப்படுத்தினால் அது ஓர் இலட்சம் ரூபாவாகும். நல்ல கொள்வனவாளர் ஒருவர் தமது ஆண்டுச் சம்பளத்தை ஒரு சில ஒப்பந்தங்களிலேயே நிறுவனத்துக்கு ஈட்டிக் கொடுத்துவிடுவார். மோசமான கொள்வனவோ பத்துப் பேரின் சம்பளத்தை ஒரே கையொப்பத்தில் கரைத்துவிடும். எனவே இவர்களுக்கு வழங்கும் நியாயமான ஊதியத்தைச் செலவு என்று கொள்ளாமல், காவல் என்று கொள்வதே தகும்.

மலிவான பொருள் எப்போதும் இலாபமானதல்ல என்பதைக் கொள்வனவுத் துறையினர் நன்கு அறிவர். விலைமனுவில் குறைந்த தொகையைக் காட்டி ஆறு மாதத்தில் உடையும் இயந்திரத்தை அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். அவர்களை வேலைக்கு அமர்த்துவோரும், அரசாங்கமும் அவர்களது உழைப்புக்கு விலை குறிக்கும்போது இந்த எளிய பாடத்தை மறந்துவிடக் கூடாது என்பதே எமது வேண்டுகோளாகும்.